நாலாள் சாமான்

என் அண்ணனை யாராவது தூக்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூக்குகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அண்ணனுக்காக உயிரைக் கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பார்கள். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவன் என்றால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். பாசத்தோடு வந்து நாசம் பண்ணுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

நாங்கள் இரண்டு பேருமே வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். நான் பேக்கிங். ஒரு வீட்டுச் சமையலறையில் இருக்கிற கண்ணாடி, பீங்கான் எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் அடுக்குவது என் வேலை. அண்ணன் லோடு ஆள். ஊரில் யாருக்கும் அவர் சொந்தப் பெயர் தெரியாது, பீரோ என்றால்தான் தெரியும். இரும்பு பீரோவைப் பெல்ட் போட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு, மூன்று மாடியும் நிற்காமல் ஏறிவிட்டு, மேலே போய் "எங்க வைக்கணும்மா?" என்று மூச்சு வாங்காமல் கேட்பார். அந்த வீட்டம்மா யோசிக்கிற வரைக்கும் முதுகில் பீரோவோடு நின்றுகொண்டிருப்பார். கொஞ்சம் அலட்டல் பேர்வழிதான்.

எங்கள் ஆட்கள் சாமானின் கனத்தைக் கிலோவில் சொல்ல மாட்டார்கள், ஆளில் சொல்வார்கள். நாற்காலி, டிவி எல்லாம் ஒத்தையாள். கட்டில், வாஷிங் மெஷின் ரெண்டாள். பெரிய சோபாவும் இரட்டைக் கதவு பிரிட்ஜும் நாலாள். எங்கள் மேஸ்திரி ஒரு சாமானின் முனையைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு "ரெண்டாள்" என்றால் ரெண்டாள்தான். அவர் கணக்குத் தப்பி நான் பார்த்ததில்லை.

அண்ணன் விழுந்தது ஒரு பிரிட்ஜோடு. அந்தக் கட்டடத்தில் லிப்ட் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டும் இருந்தது. "லிப்ட் குடியிருக்கறவங்களுக்கு மட்டும். சாமான் ஏத்தினா கீறல் விழும்" என்று குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றார். சரி என்று படியில் இறக்கினார்கள். யாரோ படியைத் துடைத்துவிட்டு ஈரத்தோடு விட்டிருந்தார்கள். கீழ்ப்பக்கம் பிடித்திருந்தவர் அண்ணன். அவர் முதுகெலும்பு உடைந்து இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. பிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனை வண்டியில் ஏற்றும்போதே பிரிட்ஜின் சொந்தக்காரர் அதைச் சுற்றிவந்து கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். லிப்டிலும் கீறல் விழவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

பெரிய ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தார். அங்கே பயிற்சி கொடுக்கிறவர்கள் சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷர்கள். இரண்டு உள்ளங்கைகளையும் மெத்தையில் ஊன்றி, தோளால் அழுத்தி, உடம்பைத் தூக்கிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாறக் கற்றுக்கொடுத்தார்கள். அழுதுகொண்டேதான் கற்றுக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வரும்போது யார் தயவும் இல்லாமல் கட்டிலில் ஏறி இறங்கினார், கக்கூஸுக்குப் போய்வந்தார். மற்ற உடம்பைத் தூக்கத் தோள் இரண்டு மிச்சம் இருந்தது. அதை வைத்துப் பிழைத்துக்கொள்வார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

எங்கள் முதலாளி அவரை போன் வேலைக்கு வைத்துக்கொண்டார். யார் வீடு மாறுகிறார்கள், எத்தனை அறை, எந்த மாடி என்று கேட்டு வண்டி அனுப்புகிற வேலை. அண்ணனை விட அந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் கிடையாது. "பீரோவுல லாக்கர் இருக்கா? சுவத்தோட சேத்து வச்சிருக்கா?" என்று கேட்டே எத்தனை ஆள் தேவை என்று சொல்லிவிடுவார். சிக்கல் என்னவென்றால், எங்கள் ஆபீசுக்கு வாசலில் மூன்று படி. முன்னால் ஆபீஸ், பின்னால் குடோன், இரண்டுக்கும் ஒரே வாசல். மழைத் தண்ணீர் சாமானுக்குள் போய்விடக்கூடாது என்று தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

முதல் நாள் காலையில் மேஸ்திரியும் நெட்டையனும் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் எங்கள் ஆட்களில் உயரமானவன், அண்ணனிடம்தான் தொழில் கற்றவன். அண்ணனைப் பார்த்ததும் இருவரும் பாய்ந்து வந்து, நாற்காலியோடு அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணனும் சிரித்தார். நான் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"பிரிட்ஜை இறக்கறதுக்கு அகலப் பலகை வச்சிருக்கோமேண்ணே, அதைப் படியில போட்டா அவரே உருட்டிக்கிட்டு ஏறிடுவார்ல?"

"பலகை எதுக்கும்மா? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார் மேஸ்திரி, நெஞ்சைத் தட்டி.

முதலாளியிடம் கேட்டேன். பலகை வண்டியோடு போக வேண்டிய சாமானாம். அப்படியானால் படிக்குப் பக்கத்தில் சிமென்டில் ஒரு சரிவு கட்டிவிடுங்கள் என்றேன். "ஆள் பலம் இருக்கும்போது சிமென்ட் எதுக்கு?" என்று அவரும் அதே பாட்டைப் பாடினார். ஆக, பிரிட்ஜ் பலகையில் உருண்டு கௌரவமாக இறங்கும். என் அண்ணன் மூட்டை மாதிரி ஆள் கையில் ஏறுவார்.

அதோடு விட்டார்களா? வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்துவிடலாம். விடவில்லை. காலையில் வண்டி வீட்டு வாசலுக்கு வரும். உள்ளே புகுந்து கட்டிலிலிருந்தே தூக்குவார்கள். வண்டியில் ஏற்றத் தூக்குவார்கள், இறக்கத் தூக்குவார்கள், படியேற்றத் தூக்குவார்கள். பகலில் கொஞ்ச நேரம் படுக்கட்டும் என்று குடோனில் மெத்தை போட்டு அதில் இறக்கி வைப்பார்கள். சாயங்காலம் வீட்டில் கட்டிலில் இறக்கிவிட்டுத்தான் போவார்கள், லீவு நாளிலும் வந்துவிடுவார்கள், ராத்திரி அவசரத்துக்கு அண்ணி கட்டிலிலேயே பாத்திரம் கொடுத்துவிடுவாள். தூக்குவதுதான் அவர்கள் தொழில், அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாசமும் அதுதான். அண்ணன் கையை ஊன்றுவதற்கு முன்னால் நாலு கை வந்து நிற்கும். "நீங்க சும்மா இருங்கண்ணே" என்பான் நெட்டையன். அண்ணனும் சும்மா இருந்தார்.

சாப்பாடு இன்னொரு கூத்து. லோடு ஆட்கள் ஒரு வீடு காலி செய்தால் சாப்பிடுவார்கள், ஒரு வீடு நிரப்பினால் சாப்பிடுவார்கள். சர்க்கரை தூக்கலாக டீ, வெண்ணெய் தடவிய பன், எண்ணெயில் பொரித்தது ஏதாவது. அவர்கள் தின்பது அடுத்த மாடி ஏறுவதற்குள் வேர்வையாகப் போய்விடும். அண்ணனுக்கும் ஒரு பங்கு வாங்கி வராமல் ஒருத்தனும் உள்ளே வர மாட்டான். காலையில் ஒரு வண்டி, மத்தியானம் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. அண்ணன் எல்லா வண்டிக்கும் சாப்பிட்டார், நாற்காலியை விட்டு அசையாமல். வேண்டாம் என்றால் "எங்களோட சாப்பிட மாட்டியா?" என்று முகம் சுருங்கிவிடுவார்கள். வீட்டில் அண்ணி. குச்சியாகப் போன கால்களைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கி, தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைப்பாள். நான் வாயைத் திறந்தால் "உனக்கென்ன தெரியும், மனுஷன் பாதியாயிட்டாரு" என்பாள். அவர் பாதியாகவில்லை. கால் பாதியாயிற்று, வயிறு இரண்டாயிற்று. சட்டைப் பொத்தான்களை நான் இடம் மாற்றித் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று. அப்புறம் மத்தியானத்தில் போன் அடித்தாலும் எழுந்திருக்காமல் தூங்க ஆரம்பித்தார். தண்ணீர் குடித்து மாளவில்லை. குதிகாலில் ஒரு சின்னக் கீறல், அது ஆறவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வாசலில் எடை பார்க்கிற மெஷின். நர்ஸம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஏறி நில்லுங்க."

"நின்னா நாங்க எதுக்கும்மா இங்க வர்றோம்?" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "சரி, சுமாரா எவ்ளோ இருப்பாரு? சொல்லுங்க, போட்டுக்கறேன்."

அண்ணன் பீரோ தூக்கிய காலத்து எடையைச் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. நர்ஸம்மா அதையே எழுதிக்கொண்டார். உள்ளே டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், போர்வைக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்தார், வேறு எதையும் பார்க்கவில்லை. "எடை சரியாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப இளைச்ச மாதிரி தெரியறீங்க. நல்லா சாப்பிடுங்க. உடம்பை அலட்டிக்காதீங்க. ரெஸ்ட் எடுங்க" என்றார். புண்ணுக்கு ஒரு களிம்பு. ரத்தம் கூட எடுக்கவில்லை. சக்கர நாற்காலியோடு ஏற்றி எடை பார்க்கிற மெஷின் அவ்வளவு பெரிய கட்டடத்தில் இல்லை. வாசலில் செயற்கை நீரூற்று இருக்கிறது, சாயங்காலமானால் கலர் விளக்கு எரிகிறது. டாக்டரே சொல்லிவிட்டார் என்று அண்ணி பாலும் முட்டையும் இன்னொரு கரண்டியும் சேர்த்தாள். நான் கத்தினேன். என் கத்தலை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்?

புண் ஆறாததால் மறுபடி போனோம். இந்தத் தடவை, முதுகெலும்பு அடிபட்டவர்களைப் பார்க்கிற பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. பழைய தாளைப் புரட்டிவிட்டு முதல் கேள்வியே அதுதான்.

"இந்த எடையை யார் பாத்தது?"

"யாரும் பாக்கல மேடம். நாங்க சொன்னோம், அவங்க எழுதிக்கிட்டாங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டு, அண்ணனை நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்காரச் சொல்லி, டேப் எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார். ரத்தத்துக்கு எழுதிக்கொடுத்தார். ரிசல்ட் வந்ததும் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். சர்க்கரை வந்துவிட்டது. கொழுப்பும் மோசம். கால் சதை வேலை செய்யாததால் கரைந்துபோகிறது, அதைப் பார்த்து எல்லோரும் இளைத்துவிட்டார் என்கிறார்கள். அந்தச் சதை எரித்துக்கொண்டிருந்ததை இனி உடம்பு எரிக்காது. அடுப்பு சின்னதாகிவிட்டது, நீங்கள் பழையபடி விறகை அடுக்கிக்கொண்டே போகிறீர்கள், மிச்சமெல்லாம் வயிற்றில் கொழுப்பாக ஏறுகிறது என்றார். எனக்கு நன்றாகப் புரிந்தது. அண்ணனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, நீங்களா அந்தக் கட்டிலுக்கு ஏறுங்க, பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

"அது என்ன பெரிய விஷயம்" என்று அண்ணன் நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுபோனார். கையை ஊன்றினார். அழுத்தினார். இடுப்பு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மறுபடி ஊன்றினார். கை வழுக்கி முன்பக்கம் சாய்ந்தார். டாக்டரம்மாவும் நானும் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் தரையில் விழுந்திருப்பார். பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். தன்னால் முடியாது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அத்தனை நாளாக முயன்று பார்க்கவே யாரும் விடவில்லையே!

"இன்னும் எடை ஏறி, தோளும் போச்சுன்னா அப்புறம் கட்டில்தான்" என்றார் அவர். "பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. உங்க கையாலேயே நாற்காலியைத் தள்ளுங்க. தள்ளிக்கிட்டே இருந்தா தோள் முன்னாடி சுருங்கும், அதனால இழுக்கற மாதிரியும் ஏதாவது செய்யணும். மூச்சு வாங்கணும், ஆனா பேச முடியணும், அந்த அளவுக்கு. வேலைக்குப் போறதை மட்டும் நிறுத்திடாதீங்க. சாப்பாட்டுல காய், பருப்பு, முட்டை, மீன் இருக்கட்டும், சோறும் சர்க்கரையும் எண்ணெயும் குறையட்டும்." திரும்பி என்னிடம், "யாரும் இவரைத் தூக்காதீங்க" என்றார். எனக்கு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசல். வழக்கம் போல மேஸ்திரியும் நெட்டையனும் நாற்காலியின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். நின்றுவிட்டு, மேஸ்திரி குடோன் பக்கம் திரும்பி, வழக்கம் போலவே குரல் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு பேர் வாங்கப்பா!"

அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இருங்கண்ணே. என்னை எத்தனை பேர் தூக்கறீங்க?"

"ஏன் தம்பி? நாலு பேர்."

"மொதல் நாள் எத்தனை பேர் தூக்கினீங்க?"

நெட்டையன் படியைப் பார்த்தான். உள்ளேயிருந்து வந்த இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ரெண்டாள் சாமான் நாலாள் ஆச்சுன்னா என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியாதா? ஒரு முனையை அசைச்சா கனம் சொல்ற ஆளு நீங்க!"

"தெரியும் தம்பி" என்றார் மேஸ்திரி. குரல் உள்ளே போய்விட்டது. "போன வருஷமே மூணாள் ஆயிட்டே. எனக்குக் கையில தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஏற்கெனவே மனசு நொந்து கிடக்கற. கனமாயிட்டேன்னு வேற சொல்லணுமா? இன்னொரு ஆளைச் சேத்துக்கிட்டா முடிஞ்சுதுன்னு விட்டுட்டோம்."

அண்ணன் கத்தினார் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. "சாமான்கிட்ட யாராவது சொல்வாங்களா? சொல்ல மாட்டாங்க. அதான் நீங்களும் சொல்லல. என்னை சாமானாத்தான் வச்சிருந்திருக்கீங்க, எல்லாரும் சேந்து! ஆஸ்பத்திரியில எடை பாக்க மெஷின் இல்ல. என் எடை தெரிஞ்ச நாலு மெஷின் தினமும் என்னைத் தூக்கிட்டு வாயை மூடிட்டு இருந்திருக்கு!"

மேஸ்திரி அழுதுவிட்டார். வயசான மனுஷன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் தணியவில்லை. மனசு நோகக்கூடாது என்று ஒரு ஆளின் உடம்பையே கோட்டை விடுவார்களா? இதை எந்த ஊர் நியாயத்தில் சேர்ப்பது?

அன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை தூக்கி உள்ளே வைத்தார்கள், வேறு வழியில்லை. அன்றைக்கென்று பார்த்து முதலாளி சீக்கிரம் வந்திருந்தார், கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டார்.

"தினமும் காலையும் சாயங்காலமும் நாலு பேரை உனக்காக நிறுத்தி வைக்க முடியலப்பா. ஒரு வண்டி லேட்டாகுது. நீயும் டயர்டா தெரியற. இந்த மாசம் முடியட்டும், வீட்டுல ரெஸ்ட் எடு. போனைப் பாக்க வேற ஆளைப் போட்டுக்கறேன். உன்னைக் கை விட்டுடுவேனா? ஏதாவது குடுத்து அனுப்பறேன்."

இவருக்கும் ரெஸ்ட்! என் அண்ணனுக்கு ரெஸ்ட் கொடுக்க ஆளாளுக்கு வரிசையில் நிற்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தால் அவர் கட்டிலோடு போய்விடுவார் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாரே! மாசம் முடிவதற்குள் அந்த மூன்று படியை ஆள் இல்லாமல் ஏறிவிட வேண்டும் என்று அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற மட்டும் அண்ணி தாங்கிக்கொள்ள, வீட்டிலிருந்து நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி பின்னாலேயே நகரும், நெட்டையன் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு "அண்ணே, ஏறிக்கங்கண்ணே" என்று கெஞ்சிக்கொண்டே வருவான். அண்ணன் திரும்பிப் பார்க்கமாட்டார். வண்டி கிளம்புவதற்கு முன்னால் பலகையைப் படியில் போடச் சொல்வார், சாயங்காலம் அது திரும்பி வந்த பிறகுதான் இறங்குவார். முதல் வாரம் பலகையில் ஒரு சாண் ஏறுவார், பின்னால் வந்துவிடுவார். பின்னால் சாயாமல் இருக்க நான் முதுகுப்பக்கம் நிற்பேன், கை வைக்க மாட்டேன். ஏற முடியாத நாளில் படியில் இறங்கி உட்கார்ந்து, மெத்தைத் துண்டு ஒன்றை அடியில் போட்டு, கையை ஊன்றி ஊன்றிப் படிப்படியாகப் பின்பக்கமாக ஏறுவார். வியர்த்து ஊற்றும். போகிற வருகிறவர்கள் "ஐயோ பாவம், இத்தனை ஆம்பளைங்க நிக்கிறீங்களே, கொஞ்சம் தூக்கி விடக்கூடாதா?" என்பார்கள். அவர்களுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல பதிலாகவே சொன்னேன்.

இழுக்கிற பயிற்சிக்குக் குடோனிலேயே வழி கிடைத்தது. சாமான் உருட்டுகிற தள்ளுவண்டியில் போர்வைக் கட்டுகளை ஏற்றி, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, குடோனின் அந்தக் கோடியில் நிறுத்திவிடுவோம். அண்ணன் இந்தக் கோடியில் நாற்காலிக்குப் பிரேக் போட்டு உட்கார்ந்து, கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றை இழுப்பார். மூச்சு வாங்கும், ஆனால் பேசுவார், போன் வந்தால் எடுப்பார். சில நாள் போனதும் வண்டி விறுவிறுவென்று வர ஆரம்பித்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, இவ்வளவு சீக்கிரம் பலம் வந்துவிட்டதா என்று. எட்டிப் பார்த்தால் போர்வைக் கட்டுக்குப் பின்னால் நெட்டையன் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான்! "கஷ்டப்படறாரே தங்கச்சி" என்கிறான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்றைக்கு அண்ணன் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. பத்து நாளாகப் பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ராத்திரி சந்தோஷமாகத் தூங்கிய மனுஷன் அவர். நெட்டையனை அதற்கப்புறம் அண்ணன் கயிறு இழுக்கிற நேரத்தில் குடோனுக்குள் விடுவதில்லை என்று முடிவானது.

வீட்டிலும் சண்டை. தட்டில் சோறு குறைந்ததும் அண்ணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "நடக்க முடியல, ஓட முடியல. வாய்க்கு ருசியா சாப்பிடறது ஒண்ணுதான் மிச்சம். அதையும் பிடுங்கணுமா?" என்று அழுதாள். அண்ணன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நான் கட்டில்ல விழுந்துட்டா என்னைத் திருப்பிப் படுக்கப்போடறது யாரு? நாலாள் வேணும்டி. நீ ஒத்தையாள்."

அவள் அதற்கப்புறம் அழவில்லை. கரண்டியை எடுத்துக் கழுவினாள். மறுநாளிலிருந்து தட்டில் பாதிக்குக் காய் இருந்தது, பருப்பு கெட்டியாக இருந்தது, சர்க்கரை டப்பா மேல் தட்டுக்குப் போயிற்று. டீயைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கும்போது அண்ணன் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆபீஸில் பன் வாங்கி வந்தவர்களை நான் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். என்னை ராட்சசி என்று பேசிக்கொண்டார்கள், பேசட்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் தோள் வலித்து ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தார். மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் குதிகால் புண் மூடிக்கொண்டது. ஒரு நாள் விடிந்ததும் அண்ணி போன் பண்ணினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நான் பல் தேய்ச்சுட்டு வர்றதுக்குள்ள அவரே நாற்காலியில உக்காந்திருக்காரு!" என்றாள்.

மாசக் கடைசி. அன்றைக்குப் பெரிய வேலை, குடோனிலிருந்து ஒரு வீட்டுச் சாமான் முழுவதும் வெளியே போக வேண்டும். பலகை படியில் கிடந்தது. முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார், புதிதாகப் போனைப் பார்க்கப்போகிறவருக்கு ஆபீசைச் சுற்றிக் காட்டுவதற்காக. அண்ணன் தெருமுனையிலிருந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். பலகைக்கு முன்னால் நின்று, ஒரு மூச்சு விட்டு, ஏற ஆரம்பித்தார். பாதியில் சக்கரம் நின்றது. மேஸ்திரியின் கால் தன்னால் ஒரு அடி முன்னால் வந்துவிட்டது. "கை வைக்காதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் அப்படியே நின்றார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, முன்பக்கம் குனிந்து, ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. மேலே போய்விட்டார்.

எங்கள் ஆட்களில் ஒருத்தரும் கை தட்டவில்லை. முதலாளி ஒருவர்தான் கை தட்டினார்.

"பாத்தியா! மனசு வச்சா முடியும்னு நான் எப்பவோ நினைச்சேன். சரி, நீயே இருப்பா, வேற ஆள் வேணாம். பலகையை மட்டும் சீக்கிரம் எடுங்க, வண்டியோட போகணும்."

"பலகை போயிட்டா நான் எப்படி இறங்கறது மொதலாளி?" என்றார் அண்ணன்.

"அதான் இத்தனை பேர் இருக்காங்களே, தூக்கி இறக்கிட மாட்டாங்களா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இவ்வளவு நேரம் எதைப் பார்த்துக் கை தட்டினார் இந்த மனுஷன்? நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் போட்டார்.

"சிமென்ட்ல ஒரு சரிவு கட்டிக்குடுங்க. கட்டற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

உள்ளேயிருந்து சோபாவைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்கள் அவருக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். வேறு வாசல் கிடையாது. வெளியே வண்டி நிற்கிறது, அந்த வீட்டுக்காரர் போன் மேல் போன் அடிக்கிறார். முதலாளி முதலில் சிரித்துப் பார்த்தார், அப்புறம் அதட்டிப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினார்.

"என்னய்யா வேடிக்கை பாக்கற? நாலு பேர் சேந்து அவனைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க!"

மேஸ்திரி அண்ணனைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "இறக்குங்கப்பா" என்றார். சோபா தரையில் இறங்கியது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நெட்டையனும் கட்டிக்கொண்டான்.

"தூக்க மாட்டோம் மொதலாளி. தூக்கித் தூக்கித்தான் அவனை இந்தக் கதிக்கு ஆளாக்கினோம். நீங்க கொத்தனாரைக் கூப்பிடுங்க."

முதலாளி எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "கொத்தனார் நம்பர் யாருகிட்டய்யா இருக்கு?" என்றார்.